கேபிள் கரையில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் முறை

லாங்ஆர்ம் இயந்திரத்தில், அதாவது துணியை உருளைகளில் விரித்துக் கட்டி அதன் மேல் தலையை நகர்த்தித் தைக்கும் இயந்திரத்தில், குவில்ட்டுக்கு (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்புக்கு) கரை தைக்கும்போது ஏதேனும் பிசகினால், பெரும்பாலோருடைய கை முதலில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் இருக்கும் எங்கள் தையல் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்தத் திருகைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பதே. கேபிள் கரை என்பது இரண்டு புரி கயிற்றை முறுக்கியதுபோல வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிப் போகும் கரை. வட இங்கிலாந்தின் டர்ஹாம், நார்தம்பர்லாந்துப் பகுதிகளில் கையால் தைத்த பழைய குவில்ட்களில் இது மிகவும் பழகிய வடிவம். பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கயிற்றுக் களங்களைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கும் அது புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் பூவோ கொடியோ தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிற சிறு பிழைகூடக் கேபிளில் உடனே தெரிந்துவிடும்; ஒரே வளைவு அறுபது முறை திரும்ப வருவதால், அறுபதில் ஒன்று மாறினாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

ஆகவே எதையும் திருகுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிழை ஒவ்வொரு வளைவிலும் ஒரே இடத்தில் வருகிறதா? அப்படியானால் காரணம் டெம்ப்ளேட்டிலோ (விளிம்பைத் தொட்டுத் தைப்பதற்காகத் துணிமேல் வைக்கும் அக்ரிலிக் அச்சு) அதைப் பிடிக்கும் கையிலோ இருக்கிறது. வளைவில் எங்கே என்று சொல்ல முடியாமல், துணியின் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வருகிறதா? அப்படியானால் துணியையும் உருளையையும் பாருங்கள். இயந்திரத் தலை ஒரு குறிப்பிட்ட திசையில் நகரும்போது மட்டும் வருகிறதா? அப்போதுதான் ஊசி, நூல், சக்கரம், டென்ஷன் ஆகியவற்றின் முறை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் திருகைத் திருப்பினால், முதல் பிழை இருந்த இடத்திலேயே இருக்க, இரண்டாவது பிழை ஒன்றும் வந்து சேரும்.

அறிகுறி: இரண்டு புரிகளின் அகலமும் ஒன்றுபோல் இல்லை, கண்கள் ஒருபக்கம் பெருத்தும் ஒருபக்கம் சிறுத்தும் உள்ளன

புரிகள் ஒன்றையொன்று கடக்கும் இடம் சந்தி; இரண்டு சந்திகளுக்கு நடுவில் விழும் இலை வடிவ இடைவெளியை நாங்கள் கண் என்று சொல்கிறோம். கண்களின் வடிவம் மாறினால், டெம்ப்ளேட் சரியாக வெட்டப்படவில்லை என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். டெம்ப்ளேட் பெரும்பாலும் குற்றமற்றது. டெம்ப்ளேட் வேலைக்கான வட்ட ஃபுட்டின் (ஊசியைச் சுற்றித் துணியை அழுத்தும் பாதத்தின்) விட்டம் அரை அங்குலம். அதன் நடுவில் ஊசி இறங்குகிறது. எனவே தையல் எப்போதும் டெம்ப்ளேட்டின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் விழும். நேர்கோட்டில் இதனால் சிக்கல் இல்லை. வளைவில் உண்டு. மூன்று அங்குல ஆரமுள்ள வளைவின் வெளிவிளிம்பைத் தொட்டுத் தைத்தால் தையல் மூன்றேகால் அங்குல ஆரத்தில் விழுகிறது; அதே மூன்று அங்குல ஆரத்தில் உட்குழிவாக வெட்டிய விளிம்பைத் தொட்டுத் தைத்தால் இரண்டேமுக்கால் அங்குல ஆரத்தில் விழுகிறது. ஒரே அளவு பொறித்த இரண்டு விளிம்புகளுக்கு நடுவில் அரை அங்குல வேறுபாடு வந்துவிடுகிறது. வேகமாக முடிக்கும் ஆசையில் மேல் வளைவுக்கு வெளிவிளிம்பையும் கீழ் வளைவுக்கு உள்விளிம்பையும் பயன்படுத்துகிறவர்களின் கரையில் கண்கள் கோணுவது இதனால்தான். ஒரு புரிக்கு எந்த விளிம்பை எடுத்தீர்களோ, கரை முழுவதும் அந்தப் புரிக்கு அந்த விளிம்பையே எடுக்க வேண்டும். உள்ளும் புறமும் தைப்பதற்கென்றே வெட்டிய டெம்ப்ளேட்களில் இந்தக் கணக்கை வெட்டும்போதே கழித்திருப்பார்கள். உங்களுடையது அப்படிப்பட்டதா என்பதை ஒரு துண்டுத் துணியில் ஒரே ஒரு கண்ணைத் தைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

விளிம்பில் தவறில்லை, ஆனாலும் இடம் போகும்போது ஒருமாதிரியும் வலம் போகும்போது வேறுமாதிரியும் விழுகிறது என்றால், ஊசி ஃபுட்டின் நடுவில் இறங்கவில்லை. இதற்குக் கண்மதிப்பு போதாது. இரண்டு அங்குலச் சதுரமான அக்ரிலிக் துண்டு ஒன்றை அசையாமல் பிடித்து அதன் நான்கு பக்கங்களையும் சுற்றித் தையுங்கள். இரண்டரை அங்குலச் சதுரம் கிடைக்கும்; அந்த மொத்த அளவு ஊசி நகர்ந்திருந்தாலும் மாறாது. பார்க்க வேண்டியது, துண்டின் ஒவ்வொரு விளிம்புக்கும் தையலுக்கும் உள்ள இடைவெளி. இடப்பக்கம் 7 மி.மீ. இருந்து வலப்பக்கம் 5.5 மி.மீ. மட்டும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஃபுட்டைச் சரிசெய்த பிறகே அடுத்த கண்ணைத் தையுங்கள். எங்கள் கூடத்தில் இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்கிறோம், ஊசி டெம்ப்ளேட்டில் மோதி உடைந்த நாளில் கட்டாயம் செய்கிறோம்; ஊசி உடைகிற அடியில் ஃபுட்டும் சற்று வளைந்திருக்க இடமுண்டு.

அறிகுறி: வளைவின் உச்சியில் கோடு தள்ளாடுகிறது

டெம்ப்ளேட் நழுவுகிறது. அதை இன்னும் அழுத்திப் பிடிப்பது தீர்வாகாது. அழுத்த அழுத்தத் துணி கீழே அமிழ்கிறது, கை தளர்கிற கணத்தில் டெம்ப்ளேட்டோடு சேர்ந்து அதுவும் துள்ளுகிறது. டெம்ப்ளேட் வேலைக்கென்று இயந்திரத்தின் கீழ்க்கரத்தில், துணிக்கு அடியில் மாட்டும் அகலப் பலகை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பலகை இருந்தும் நழுவினால், டெம்ப்ளேட்டின் அடியில் நுண்ணிய உப்புத்தாள் துண்டுகளை மூன்று இடங்களில் ஒட்டுங்கள். விரல்களை விரித்து, உள்ளங்கை பலகைக்கு நேர் மேலே இருக்கும்படி வையுங்கள். ஃபுட் உங்கள் விரல்களின் எல்லையைத் தாண்டிப் போகும் முன் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, கையை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடருங்கள். பழகிய கையும்கூட ஒரே பிடியில் ஏழெட்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து. இயந்திரத் தலையை டெம்ப்ளேட்டின் மேல் சாய்த்துத் தள்ளுவதும் உச்சியில் தள்ளாட்டம் தரும். ஃபுட் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனால் போதும்.

டெம்ப்ளேட்டின் தடிமன் கால் அங்குலம் இருக்க வேண்டும். வீட்டுத் தையல் இயந்திரங்களுக்கென்று விற்கும் மெல்லிய அக்ரிலிக்கை லாங்ஆர்மில் வைத்தால், குதிக்கும் ஃபுட் மேலெழும் நேரத்தில் அது அடியில் புகுந்து ஊசிக்கு நேராக வந்துவிடும். பணம் மிச்சம் என்று எண்ணி நான் அப்படி ஒருமுறை செய்தேன். தெறித்த ஊசி முனை கண்ணாடியில் பட்டு நின்றது. அன்றிலிருந்து கண்ணாடி அணியாமல் இங்கே யாரும் டெம்ப்ளேட்டைத் தொடுவதில்லை.

அறிகுறி: கடைசிக் கண் பாதியில் நிற்கிறது

இது தையலில் வரும் பிழை அன்று, தைக்காமலே வந்துவிட்ட பிழை. 90க்கு 100 அங்குலக் குவில்ட், ஆறு அங்குலக் கரை என்று வைத்துக்கொள்வோம். நான்கு மூலைகளுக்கும் ஆறு அங்குலச் சதுரத்தை ஒதுக்கினால் மூலைகளுக்கு நடுவில் 78 அங்குலமும் 88 அங்குலமும் மிஞ்சுகின்றன. கண் ஒன்று ஆறு அங்குலம் என்றால் குறுகிய பக்கத்தில் சரியாக 13 கண்கள். நீண்ட பக்கத்தில் 14 கண்கள் போக நான்கு அங்குலம் அனாதையாக நிற்கிறது. அந்த நான்கு அங்குலத்தை மூலையருகே ஒரே கண்ணில் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூலையில் எவ்வளவு மறைத்தாலும், கட்டிலில் விரித்தவுடன் அது தெரியும். 15 கண்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 5.87 அங்குலம், கண் ஒன்றுக்குக் குறைவது 3.4 மி.மீ. 14 கண்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 6.29 அங்குலம், கூடுவது 7 மி.மீ.க்கு மேல். முன்னதைத் தேர்ந்தெடுங்கள். ஆறு அங்குலக் கண்ணில் மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டை என் கண் கண்டுபிடிப்பதில்லை, ஏழு மில்லிமீட்டரை உடனே கண்டுபிடிக்கிறது.

குறைக்கிற 3.4 மி.மீ.யை ஒரே பக்கத்தில் குறைக்காமல், வளைவின் உச்சியை இருந்த இடத்திலேயே வைத்து இரு முனைகளிலும் பாதிப் பாதியாகக் குறைக்க வேண்டும். இதற்குக் கடைகளில் பில் அடிக்கும் காகிதச் சுருளைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. 88 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முதல் மடிப்பில் மூன்றாகவும் ஒவ்வொன்றையும் ஐந்தாகவும் மடித்தால் 15 பங்கு வந்துவிடும். மடிப்புக் கோடுகளைத் துணியின் மேல் வைத்துச் சந்திகளைக் குறித்துக்கொள்ளலாம். அளவுநாடாவை வைத்து 5.87, 11.73 என்று கூட்டிக்கொண்டே போகிறவர்கள் பத்தாவது சந்திக்குள் எங்கேயாவது வழுக்குகிறார்கள்.

அளக்கும்போது கரைத்துணியின் ஓரத்தை மட்டும் அளக்காதீர்கள். குவில்ட்டின் இரு ஓரங்களையும் நடுவையும் அளந்து சராசரி எடுங்கள். ஓரம் நடுவைவிட நீண்டிருந்தால் கரையே அலைபோல் எழும்பும்; அந்த அலையின் மேல் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் கேபிள் நெளியும். அப்படி ஒரு மேல்துணி உங்களிடம் வந்தால் தைக்கும் முன்பே கொடுத்தவருக்குச் சொல்லிவிடுங்கள். ஏற்றுமதி வேலை ஒன்றில் நான் சொல்லாமல் தைத்தேன். சரக்கு திரும்பி வந்தபோது தையல்தான் மோசம் என்று எழுதியிருந்தார்கள்.

அறிகுறி: சுற்றி வந்த நூல் தொடங்கிய புரியில் முடியவில்லை

இதுதான் என்னை நீண்ட நாள் குழப்பிய அறிகுறி. வெளிப்புரியில் தொடங்கி நான்கு மூலைகளையும் சுற்றி வருகிறீர்கள். தொடங்கிய இடத்துக்கு வரும்போது உள்புரியில் நிற்கிறீர்கள். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, ஒவ்வொரு கண்ணும் அழகாகவே இருக்கிறது, ஆனாலும் முனைகள் சேரவில்லை.

கூடத்தில் மூத்தவரான பெரியம்மா ஒருவர், சிக்குக் கோலம் போடுகிறவர், என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பி ஒண்ணா ரெண்டான்னு எண்ணிப் பாத்தியா கண்ணு?" என்று கேட்டார். அவர் கேட்டதில்தான் விடை இருந்தது. சிக்குக் கோலத்தில் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி முடிவதும், இரண்டு மூன்று கோடுகளாகப் பிரிவதும் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு புரிக் கேபிளிலும் அதே நியாயம்தான். ஒவ்வொரு சந்தியிலும் வெளியே இருந்த புரி உள்ளே வருகிறது, உள்ளே இருந்தது வெளியே போகிறது. ஒரு சுற்றில் மொத்தச் சந்திகள் இரட்டைப்படையாக இருந்தால் ஒவ்வொரு புரியும் தான் தொடங்கிய இடத்திலேயே முடியும். ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டு புரிகளும் ஒன்றாகி, நூல் இரண்டு சுற்றுச் சுற்றியே முடியும்.

மேலே சொன்ன குவில்ட்டில் கண்கள் 13, 15, 13, 15, அத்துடன் மூலைக்கு ஒன்றாக நான்கு. ஆக 60. மூடிய சுற்றில் கண்கள் எத்தனையோ சந்திகளும் அத்தனையே என்பதால் சந்திகளும் 60. இன்னும் ஒரு படி யோசித்தால், எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கிற எந்தக் குவில்ட்டிலும் இந்தக் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகத்தான் வரும். ஆகவே இந்த அறிகுறி தோன்றினால் வேறெதையும் ஆராய வேண்டாம்: ஏதோ ஒரு பக்கத்தில், அதன் எதிர்ப்பக்கத்தைவிட ஒரு கண் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசியாகத் தைத்த நீண்ட பக்கத்தில்தான் அது அகப்படும். சுற்று முடியும் முன்பே எண்ணிக் கண்டுபிடித்துவிட்டு, பிரித்துத் தைக்க மனமில்லை என்றால், எதிர்ப்பக்கம் இன்னும் தைக்கப்படாமல் இருக்கும்பட்சத்தில் அங்கேயும் அதே எண்ணிக்கையை வைத்துவிடலாம். சமச்சீரும் வந்துவிடும், நூலும் சேர்ந்துவிடும்.

இதன் கூடப்பிறந்த பிழை ஒன்று உண்டு. ஒரு புரி மேலேயும் அடுத்தது கீழேயும் போவதாகக் கோடுகளை நிறுத்தித் தைக்கும் கரையில், நடுவில் எங்கோ ஒரே புரி அடுத்தடுத்த இரண்டு சந்திகளிலும் மேலேறி நிற்கும். பக்கத்தின் இரு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கித் தைத்து, வலப்பாதிக்கு டெம்ப்ளேட்டைப் புரட்டி வைத்ததன் விளைவு இது. கடிகாரத் திசையில் போகும்போது வெளியிலிருந்து உள்ளே இறங்கும் புரியே எப்போதும் மேலே இருக்கும் என்று ஒரே விதியை வைத்துக்கொண்டால் கரை முழுவதும் முறுக்கு மாறாது. எதிர்த்திசையில் தைத்துவரும்போது அந்த விதி தலைகீழாகிறது. கையில் இருக்கும் டெம்ப்ளேட் அதைச் சொல்லாது. கண்டிப்பாக இரு மூலைகளிலிருந்தும்தான் தைப்பேன் என்பவர்கள் நடுவில் ஒரு சிறு வட்டத்தையோ பூவையோ வைத்து முறுக்கை அங்கே முடித்துவிடலாம். கீழே போகும் புரியை ஒவ்வொரு சந்தியிலும் வெட்டி முடிச்சுப் போடவும் தேவையில்லை. மேலே போகும் புரியின் ஓரக் கோட்டின் மீதே சில தையல்கள் நடந்து அடுத்த கோட்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அடித்துணியில், வளைவுகளில் மட்டும், கண் இமை மயிர்போல் சிறு நூல் வளையங்கள்

நேர்கோட்டில் வராமல் வளைவில் மட்டும் வந்தால், வளைவில் தலை வேகமாகப் போகிறது; ஊசி துணிக்குள் இருக்கும்போதே தலை பக்கவாட்டில் நகர்வதால் ஊசி வளைந்து, கீழ்நூல் மேல்நூலை வளைவின் உட்பக்கமாக இழுக்கிறது. முதல் மருந்து நிதானம். இரண்டாவது, 16ஆம் எண் ஊசிக்குப் பதில் 18ஆம் எண். அப்போதும் நீங்காவிட்டால், மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபுட்டைக் கீழே இறக்கிய நிலையில் நூலைக் கோத்தால் சில இயந்திரங்களில் அது தட்டுகளுக்குள் போவதே இல்லை. பிறகு கீழ்நூல் சுற்றிய பாபினின் உறை. உறையை உள்ளங்கையில் படுக்க வைத்து நூலைத் தூக்கினால், உறை எழுந்து நிற்க வேண்டும், ஆனால் கையை விட்டுத் தொங்கக் கூடாது. எழவே இல்லையென்றால் தளர்வு, கையோடு மேலே வந்துவிட்டால் இறுக்கம். இவ்வளவும் பார்த்தாகிவிட்டது என்றால், இப்போது மேல் டென்ஷன் திருகைக் கால் சுற்று திருப்பலாம்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று எங்களுக்குத் தனித் தொல்லை. சன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் பஞ்சுத் தூசி. அந்த நாட்களில் பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் கொக்கியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைக்கிறோம். அக்ரிலிக்கும் தூசியை இழுத்துக்கொள்கிறது. அதை ஈரத்துணியால் துடைக்காமல் வைத்தால் உப்புத்தாள் ஒட்டியும் நழுவும்.

அறிகுறி: உச்சியில் நீண்ட தையல், சந்தியில் நூல் முண்டு

தையல் நீளத்தை ஒரே அளவாக வைக்கும் சீராக்கியின் சக்கரங்கள் துணி நகர்வதை அளப்பதில்லை, தலை நகர்வதையே அளக்கின்றன. தண்டவாளத்தில் நூல் சுற்றியிருந்தாலோ தூசி படிந்திருந்தாலோ சக்கரம் உருளாமல் சறுக்கும், அங்கே தையல் நீளும். சக்கரத்தைத் துடைத்து, அது தண்டவாளத்தை அழுத்தித் தொடுகிறதா என்று பாருங்கள். சந்தியில் முண்டு விழுவதற்குக் காரணம் வேறு: தலை நின்றாலும் ஊசி ஓடிக்கொண்டே இருக்கும் முறையில் தைத்துக்கொண்டு, சந்தியில் டெம்ப்ளேட்டை மாற்றி வைக்க நிறுத்துகிறீர்கள். டெம்ப்ளேட் வேலைக்கு, தலை நின்றால் ஊசியும் நிற்கும் முறையே பொருந்தும். அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் கேபிளுக்குப் போதும்.

அறிகுறி: பக்கக் கரையில், உருளையைச் சுற்றிய ஒவ்வோர் இடத்திலும் கயிறு ஒடிகிறது

மேல், கீழ்க் கரைகளை ஒரே ஓட்டமாகத் தைத்துவிடலாம். பக்கக் கரைகளில் இயந்திரக் கழுத்தின் (ஊசிக்கும் பின்தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியின்) ஆழம் அளவுக்கே ஒரு தடவையில் தைக்க முடியும். பிறகு உருளையைச் சுற்ற வேண்டும், சுற்றியதும் துணியின் இழுவிசை மாறுகிறது. வளைவின் நடுவில் நிறுத்திச் சுற்றினால், முன்பாதி ஓர் இழுவிசையிலும் பின்பாதி வேறோர் இழுவிசையிலும் விழும். சந்தியில் நிறுத்துங்கள், கழுத்து இன்னும் இரண்டு அங்குலம் இடம் கொடுத்தாலும் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். சுற்றும் முன் இரு ஓரங்களையும் பெரிய தையலில் ஓட்டிப் பிடித்து, பக்கக் கிளிப்புகளைக் கழற்றிவிட்டுச் சுற்றி, மறுபடி மாட்டுங்கள். அடியிலிருந்து ஒரு விரலால் துணியை உயர்த்தினால், மேலேயிருந்து அந்த விரல் நுனியைப் பிடிக்க முடிகிற அளவு தளர்வு இருக்க வேண்டும். மத்தளம்போல் இறுக்கியிருந்தால், கழற்றியபின் ஆறு அங்குலக் கண் சுருங்கி நிற்கும். பொறுமையுள்ளவர்கள் நடுவையும் மேல், கீழ்க் கரைகளையும் முடித்துக் குவில்ட்டைக் கழற்றி, கால் திருப்பம் திருப்பி ஏற்றி, பக்கக் கரைகளையும் படுக்கை வசத்தில் தைக்கிறார்கள். நேரம் கூடுதலாகும். பெரிய குவில்ட்களுக்கு நான் இதையே செய்கிறேன்.

அறிகுறி: தைத்து முடித்த பின்னும் குறிகள் போகவில்லை

தண்ணீரில் மறையும் நீல மையின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டிருந்தால் அந்த மை நிலைத்துவிட வாய்ப்புண்டு. ஆகவே குளிர்ந்த நீரில் அலசி, முழுவதும் போனது உறுதியான பின்பே சூடு காட்டுங்கள். சூட்டில் மறையும் பேனாவில் நேர்மாறான சிக்கல்: கடுங்குளிரில் அந்தக் கோடுகள் திரும்பி வருகின்றன. கொழிஞ்சாம்பாறையில் அதை ஒருநாளும் பார்க்க முடியாது. சரக்கு குளிர்நாட்டுக்குப் போகிறது என்றால், கழிவுத்துணியில் ஒரு கண்ணைக் குறித்துத் தைத்து, சூடு காட்டி மறைத்து, ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் அந்தப் பேனாவை ஒதுக்கிவிட்டு, தையல்காரரின் வெள்ளைச் சாக்கட்டியில் குறியுங்கள்.